தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள்

நூல் எழுதுவோர் அதன் முகப்பிலே பாயிரம் அமைத்தல் தமிழில் தொன்றுதொட்டு வரும் மரபாகும். புதிய ஊருக்கு வந்த ஒருவனை அவ்வூர்ப் பெரியவர் எதிர்கொண்டு அழைத்துச் சென்று தெருவும் குளமும் கோயிலும் காட்டுவது போலப் பாயிரமானது கற்போனை நூலினுள் அழைத்துச் செல்கின்றது. நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் அது கூறல் வேண்டும் என்று நன்னூலார் விதித்தனர். காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்று அவரே குறித்துள்ளார்.

காஞ்சி மாநகரைச் சார்ந்தவர் என்று கூறப்படும் பரிமேலழகர் திருக்குறளுக்குத் தாம் வகுத்த உரையின் முகப்பில் அமைத்துள்ள உரைப்பாயிரம் இவ்வகையில் தலைசிறந்தது. உறுதிப்பொருள் நான்கென்று சான்றோர் கூறவும், வள்ளுவர் மூன்று பால்களை மட்டும் வகுத்தது ஏன் என்னும் ஐயம் கற்பவன் உள்ளத்தில் எழும். அவன் வாய்திறந்து வினவுமுன் பரிமேலழகர் விடை கூறிவிடுகின்றார். வீடு என்பது சொல்லுக்கும் மனத்துக்கும் எட்டாத நிலையாதலின் துறவறம் என்னும் காரண வகையால் கூறப்படுவதன்றித் தனியே கூறப்படாது என்பது அவர் காட்டும் முடிபு. பின்னர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பிரித்து, அவற்றுள் வள்ளுவர் எதனை எடுத்துக்கொண்டார் என்பதையும் நிறுவுகின்றார். நூலுக்குள் புகுமுன்பே கற்பவன் உரையாசிரியரின் பக்கம் சாய்ந்துவிடுகின்றான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகின. 1835-ஆம் ஆண்டில் அச்சகங்களின் மீதிருந்த தடைகள் நீங்கியபின் நம் நாட்டாரே அச்சுக்கூடங்களை நடத்தத் தொடங்கினர். ஓலையில் கிடந்த நூல்கள் தாளில் ஏறின. அக்காலத்து நூல்கள் பலவற்றின் முன்பக்கங்களைப் புலவர்கள் அளித்த சாற்றுக்கவிகளே நிரப்பின. பதிப்பித்தவரின் குலமும் குணமும் கொடையும் அப்பாக்களில் புகழப்படும். நூல் எங்கே கிடைத்தது, எத்தனை ஏடுகள் ஒப்பு நோக்கப்பட்டன, ஏன் அது அச்சேற வேண்டும் என்னும் செய்திகள் அவற்றில் இரா. இந்நிலையை மாற்றி, நூலின் முகப்பில் வாதமும் சான்றும் நிறைந்த உரைநடையாகப் பதிப்புரையை வகுத்து, அதனால் தமிழ் மக்களின் மனத்தைத் திருப்ப முயன்ற பெரியார் சிறுப்பிட்டி வைரவநாதர் தாமோதரம் பிள்ளை ஆவார். சி. வை. தாமோதரம் பிள்ளை என்று உலகம் அவரை அறியும்.

ஈழ நாட்டின் யாழ்ப்பாணப் பகுதியில் சிறுப்பிட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1832-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வைரவநாதருக்கும் பெருந்தேவியாருக்கும் மகனாகத் தாமோதரம் பிள்ளை பிறந்தார். தந்தையாரே அவருக்கு முதலில் தமிழ் கற்பித்தார். பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். தெல்லிப்பழை மிஷன் பள்ளியிலும், அமெரிக்கப் பாதிரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவியிருந்த உயர்கலைச் சாலையிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் கற்றார். ஒருபுறம் கவிராயரின் திண்ணை, மற்றொருபுறம் மேனாட்டுக் கல்விச் சாலை என இரு வேறு உலகங்களில் ஒருங்கே பயின்ற பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

கல்வி முடிந்ததும் கோப்பாயில் ஆசிரியரானார். இருபது வயதைக் கடந்த அளவிலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் வெளியிட்டார். அந்நூலைக் கண்ணுற்ற பெர்சிவல் பாதிரியார், சென்னையில் தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் இதழுக்கு ஆசிரியராகும்படி அவரை அழைத்தார். பிள்ளையவர்களும் கடல் கடந்து சென்னைக்கு வந்தார். செய்தித்தாள் ஆசிரியனுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவன் எழுத்தைப் படிப்போன் முன்பின் அறியாதவன். முதற் சில வரிகளில் உள்ளம் பற்றாவிடில் தாளை மடித்து வைத்துவிடுவான். ஆசிரியர் முன் கைகட்டிப் பாடங்கேட்கும் மாணவனுக்கு எழுதுவது வேறு. இத்தகையோனுக்கு எழுதுவது வேறு. எளிமையும் விரைவும் உடைய உரைநடை பிள்ளையவர்களுக்குக் கைவந்தமைக்கு இவ்விதழ்ப் பணியும் ஒரு காரணம் என்றே கொள்ளல் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் அவருக்கு ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாத பிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தேர்வெழுதி ஒருங்கே பட்டம் பெற்றது வியப்புக்குரிய நிகழ்ச்சியே. பின்னர்க் கள்ளிக்கோட்டை அரசினர் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராயிருந்த பிள்ளையவர்கள், சென்னைக்கு மீண்டு அரசாங்க வரவு செலவுக் கணக்கு நிலையத்தில் அலுவல் ஏற்று மேனிலை அடைந்தார். அலுவல் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று 1871-இல் பி.எல். பட்டமும் பெற்றார். 1882-இல் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் நீதிபதியாகவும் விளங்கினார். 1895-இல் அரசாங்கத்தார் அவருக்கு இராவ் பகதூர்ப் பட்டம் அளித்தனர். மாணவர்க்கென ஆறாம் வாசகப் புத்தகம், ஏழாம் வாசகப் புத்தகம் என்னும் பாட நூல்களும் அவர் எழுதியதுண்டு.

இவ்வளவே அவர் வாழ்ந்திருந்தால் நல்ல உத்தியோகஸ்தர் ஒருவர் இருந்தார் என்று உற்றாரும் உறவினரும் மட்டும் நினைவு கூர்ந்திருப்பர். அவர் வாழ்வின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது.

அந்நாளில் பழந்தமிழ் நூல்கள் அடைந்திருந்த நிலையை இன்று எண்ணினும் நெஞ்சு நடுங்கும். பனையோலைச் சுவடி என்றென்றும் நிலைப்பதன்று. வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் நம் நாட்டில் சில தலைமுறைகளில் அது நைந்துவிடும். ஆகவே சுவடி நைவதற்குமுன் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதிவிடுவர். அவ்வாறு பெயர்த்தெழுதப்படுவது பாடஞ் சொல்லப்படும் நூலே. எந்நூலைக் கேட்பார் இல்லையோ அந்நூலைப் பெயர்த்தெழுதுவாரும் இல்லை. பிற்காலத்துப் புராணங்களும் அந்தாதிகளும் கலம்பகங்களும் பெரிதும் பயிலப்பட, தொல்காப்பியப் பொருளதிகாரமும் சங்கத் தொகை நூல்களும் பயில்வாரின்றிப் பரண்மேல் கிடந்தன. வீட்டில் இருக்கும் சுவடி யாது என்றே அறியாதவர்கள் அதனை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர். சிலர் வேள்வித் தீயில் இட்டனர். சிலர் வீட்டில் அடுப்பெரிக்கவும் பயன்பட்டதுண்டு. கற்றவர் நிலையும் இதனினும் பெரிதும் மேம்பட்டதன்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் வினவிய பின்னரே சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்ற மாணவருக்கே அந்நூல் பாடமாகவில்லை என்றால், பிறரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

கிடைத்த சுவடியைப் படிப்பதும் எளிதன்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பழைய எழுத்தாளர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் நெட்டெழுத்தாகிய ஏகார ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒன்றாகவே இருக்கும். செல என்று ஓலையில் எழுதியிருப்பின் அது செல என்பதோ, செல் என்பதோ, சேல் என்னும் மீனோ என்பதைப் படிப்போன் தன் அறிவு கொண்டே துணிதல் வேண்டும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. எல்லாம் ஒரே ஒழுக்காக ஓடும். இதற்கு மேலும் பூச்சி அரித்த இடங்கள், முனை ஒடிந்த இடங்கள், இடையிடையே காணாமற்போன ஏடுகள். இத்தகைய சுவடிகள் பத்தும் பன்னிரண்டும் தேடித் தொகுத்து ஒன்றோடொன்று ஒப்பு நோக்கினாலன்றி ஒரு நூல் உருப்பெறாது.

தாமோதரம் பிள்ளை 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். அப்பதிப்பை யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பார்வையிட்டு உதவினார். நாவலர் பிழையற்ற பதிப்புக்குப் பெயர்பெற்றவர். அவருடைய துணை இருந்த வரையில் பிள்ளையவர்களுக்கு அச்சமில்லை. 1879-இல் நாவலர் மறைந்தார். பழந்தமிழ் நூலைப் பிழையின்றிப் பதிப்பிக்க வல்லார் யாரேனும் முன்வருவர் என்று தமிழுலகம் காத்திருந்தது. ஒருவரும் வந்திலர்.

இங்கேதான் பிள்ளையவர்கள் பெரியதோர் இக்கட்டில் அகப்பட்டார். கையில் இருக்கும் சில சுவடிகளைக் கொண்டு பதிப்பித்தால் பிழைகள் பல நேரும். கற்றோர் எள்ளி நகையாடுவர்; நூலையே கெடுத்தான் என்ற பழியும் வந்து சேரும். பிழையற்ற சுவடி கிடைக்கும் வரையில் பொறுத்திருந்தாலோ, இருக்கும் சுவடியும் மண்ணாகும். பிழையோடு நூல் வாழ்வது மேலா, தூய்மையோடு அது மாய்வது மேலா என்னும் வினாவுக்கு அவர் விடை காண வேண்டியிருந்தது. பிழைபட்ட நூலைப் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். மாய்ந்த நூலை எவராலும் மீட்டல் இயலாது. இம்முடிபுக்கு வந்தபின் அவர் தயங்கவில்லை. ஆயினும் இம்முடிபைத் தாம் ஏற்றால் மட்டும் போதாது; பிறரும் ஏற்குமாறு செய்தல் வேண்டும். சுவடி வைத்திருப்போர் அதனைக் கொடுத்தல் வேண்டும். பொருளுடையோர் நூலை வாங்குதல் வேண்டும். புலவர்கள் பழித்தலை விடுத்துத் திருத்தம் கூறுதல் வேண்டும். இம்மூவகையினரிடமும் நேரில் சென்று வழக்காட அவரால் இயலாது. ஆகவே தம் வழக்கைப் பதிப்புரையில் எடுத்துரைத்தார்.

1881-இல் வீரசோழியமும், 1883-இல் தணிகைப் புராணமும் இறையனார் அகப்பொருளும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-இல் கலித்தொகையும், 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அவரால் வெளிவந்தன. பின்னர்த் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமும், நச்சினார்க்கினியர் உரையோடு கூடிய சொல்லதிகாரமும் வந்தன. இவற்றுள் தணிகைப் புராணம், காஞ்சியில் வாழ்ந்து அங்கேயே மறைந்த கச்சியப்ப முனிவர் இயற்றியது. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது கலித்தொகையே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வீரசோழியப் பதிப்புரை ஆங்கிலம் கற்ற தமிழரின் உள்ளத்தைத் தைக்குமாறு எழுதப்பட்டதாகும். அக்காலத்தில் பட்டம் பெற்று அரசாங்க அலுவல் ஏற்ற தமிழர் பலர், தமிழில் கற்கத்தக்கது யாதுள்ளது என்று எண்ணியிருந்தனர். அவர்கள் கிரேக்கர் வரலாறும் உரோமர் வரலாறும் கற்றவர்கள். ஒரு மொழியின் பெருமையைக் காலவரிசைப்படி எடுத்துரைத்தால் அவர்கள் செவிசாய்ப்பர் என்பதைப் பிள்ளையவர்கள் உணர்ந்திருந்தார். ஆகவே தமிழின் தொன்மையை ஆராய்ந்து, தமிழிலக்கிய வரலாற்றை அபோத காலம், அட்சர காலம், இலக்கண காலம், சமுதாய காலம், அநாதார காலம், சமண காலம், இதிகாச காலம், ஆதீன காலம் என எட்டாகப் பகுத்துக் காட்டினார். அவர் கூறிய கால எல்லைகள் பிற்கால ஆராய்ச்சிக்கு ஒவ்வாதவை. இன்று அவற்றை யாரும் கொள்வதில்லை. எனினும் தமிழிலக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதனைக் கால முறைப்படி எழுதுதல் இயலும் என்று காட்டியவர்களுள் அவர் முன்னோடி ஆவார். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய ஓர் இலக்கண நூலின் முகப்பில் இத்துணைப் பரந்த செய்தி எதற்கு எனச் சிலர் வினவலாம். அந்நூலை மட்டும் விற்பது பிள்ளையவர்களின் நோக்கமன்று. அதுபோன்ற நூல்கள் எத்துணை நீண்டதொரு மரபைச் சார்ந்தவை என்று உணர்த்துவதே நோக்கம்.

புலவர்களை நோக்கி அவர் தொடுத்த கணை வேறு வகையானது. இத்தகைய அரும்பணியில் ஒரு கணக்கு நிலைய அலுவலர் புகலாமா என்று புலவர் சிலர் கேட்பர் என்பதை அவர் அறிவார். அவர்கள் கேட்குமுன் தாமே அவ்வினாவை எழுப்பிக்கொண்டார். பண்டிதர், வித்துவான், புலவர் என்னும் பட்டங்களைத் தலைமேல் சுமப்பவர்கள் பிழை நேர்ந்தால் தம் பட்டத்துக்கு இழுக்கு வருமென அஞ்சி ஒதுங்கிக்கொள்கின்றனர் என்றும், தமக்கோ அத்தகைய சுமை யாதும் இல்லாமையால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றும், ஆதலின் பிறர் நகைப்பைத் தாங்கிக்கொண்டு இத்தொழிலில் இறங்குதல் தமக்கே எளிது என்றும் பதிப்புரை ஒன்றில் நயம்பட எழுதினார். தம்மைத் தாழ்த்திக்கொள்வது போலத் தோன்றும் இவ்வுரையில், வாளாவிருந்த புலவர்களின்மேல் எத்துணைக் கூர்மையான குற்றச்சாட்டு அடங்கியிருக்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் அறிவர். சினந்து ஏசியிருந்தால் அவர்கள் எதிர்த்து ஏசியிருப்பர். தன்னையே எள்ளிக்கொள்பவனை எங்ஙனம் எள்ளுவது?

இவற்றினும் சிறந்தது கலித்தொகைப் பதிப்புரை. தமிழ் நூல்கள் அழிகின்றன என்று பொதுப்படக் கூறியிருந்தால் கேட்போர் தலையசைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பர். பிள்ளையவர்கள் அவ்வாறு கூறவில்லை. சுவடியை எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும், கயிற்றை அவிழ்க்கும்போது ஏடு ஒடிவதையும், புரட்டும்போது துணுக்குகளாகப் பறப்பதையும், எழுத்துகளின் தலையும் காலும் தெரியாவண்ணம் பூச்சிகள் உழுதிருப்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகின்றார். படிப்போன் கையிலேயே அச்சுவடி இருப்பது போலவும், தன் விரல் பட்டே அது நொறுங்குவது போலவும் தோன்றுகின்றது. கவலைப்படுக என்று அவர் எங்கும் கட்டளையிடவில்லை; கவலை தானே பிறக்கின்றது. அக்கவலை பிறந்தபின், இருப்பதைக் காப்பாற்ற உதவுமாறு அவர் வேண்டுகின்றார். வேண்டுகோளை முதலில் வைத்திருந்தால் அது மற்றொரு கையொப்பப் புத்தகத்தின் வேண்டுகோளாய் முடிந்திருக்கும்.

வழக்கறிஞர் ஒருவர் எழுதிய பதிப்புரைகள் இவை என்பதையும் மறத்தலாகாது. நீதிமன்றத்தில் சான்றில்லாத சொல் நில்லாது. யார் யாரிடமிருந்து சுவடி கிடைத்தது என்பதை அவர் எடுத்துரைத்தார். தம் பதிப்பில் பிழைகள் இருக்கும் என்று ஒப்புக்கொண்டு, கண்டோர் அறிவித்தால் நன்றியுடன் ஏற்பதாகவும் கூறினார். குறையை மறைத்து எழுதியவனிடம் அதனைக் கண்டுபிடித்தவன் வெற்றிக் களிப்புடன் வருகின்றான். தானே கூறியவனிடமோ உதவி செய்ய வருகின்றான். பதிப்புரைகள் அனைத்தும் ஒரே தரத்தின என்று கூறுதற்கில்லை. சில இடங்களில் வாதம் நீண்டு, நூலை விட்டு நெடுந்தூரம் விலகிச் செல்வதுண்டு. தமிழ்த் தொன்மையை நிறுவும் ஆர்வத்தில் சான்றுக்கு மிஞ்சிய முடிபுகளைக் கூறிய இடங்களும் உள. தம் மாற்றாரைச் சாடும்போது சொல் சற்று வெம்மை அடைவதும் உண்டு.

கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த காலத்தில் சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றுகொண்டிருந்தார். அந்நூலையும் தாமே வெளியிட வேண்டுமென்னும் ஆவல் பிள்ளையவர்களுக்கு இருந்தது. அவர் ஐயரைக் கண்டு, சுவடிகளையும் குறிப்புகளையும் தம்மிடம் அளிக்குமாறு கேட்டார். வயதிலும் பதவியிலும் மூத்தவர், பதிப்பில் முன்பழக்கம் உடையவர், பிறர் மனத்தைத் திருப்பும் ஆற்றல் வாய்ந்தவர் கேட்கும்போது மறுப்பது இளைஞரான ஐயருக்கு எளிதாக இல்லை. ஆயினும் அவர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தாமே பதிப்பிக்கத் துணிந்தார். 1887-ஆம் ஆண்டு பிள்ளையவர்களின் கலித்தொகையும் ஐயரின் சிந்தாமணியும் வெளிவந்தன. ஒரே ஆண்டில் தமிழன்னை பெற்ற இரு பெருஞ்செல்வங்கள் அவை. பிள்ளையவர்களின் எழுத்துக்கு எவரும் இணங்குவர் என்று எண்ணுதல் வேண்டா. இணங்க மறுத்த ஒருவராலேயே தமிழுக்குப் பிற்காலத்தில் பத்துப்பாட்டும் புறநானூறும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கிடைத்தன.

தம் பொருளையும் ஓய்வையும் பதிப்புப் பணிக்கே பிள்ளையவர்கள் செலவிட்டார். ஈழத்தில் ஏழாலை என்னும் ஊரில் 1876-இல் தமிழ்ப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். இரவு நேரங்களில் விளக்கொளியில் பழஞ்சுவடியைக் கூர்ந்து நோக்குவதும், பகலில் வழக்குக் கட்டுகளைப் புரட்டுவதுமாக அவருடைய முதுமை கழிந்தது.

பொருளதிகாரத்தை அவர் முழுவதும் நச்சினார்க்கினியர் உரை என்றே வெளியிட்டிருந்தார். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் இறுதி நான்கு இயல்களுக்கும் அப்பதிப்பில் கண்ட உரை நச்சினார்க்கினியருடையது அன்று, பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் செந்தமிழ் இதழில் எழுதி நிறுவினார். பேராசிரியர் என்னும் பெரிய உரையாசிரியர் ஒருவரின் உழைப்பு வேறொருவர் பெயரில் சில காலம் வழங்கியது பதிப்பில் நேர்ந்த பெரும் பிழையே. ஆயினும் இராகவையங்கார் அதனை ஆராய்தற்கு அவ்வுரை அச்சில் அவர் முன் இருந்தது. 1885-இல் பிள்ளையவர்கள் பிழைக்கு அஞ்சி நின்றிருந்தால் திருத்துவதற்கு நூல் எஞ்சியிருந்திருக்குமா என்பது ஐயமே. பிழைபட்ட நூலைப் பின்வருவோர் திருத்திக்கொள்வர் என்று அவர் கொண்டிருந்த நம்பிக்கை இவ்வாறு அவருக்கு எதிராகவே மெய்யாயிற்று.

1901-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், புதிய நூற்றாண்டு பிறந்த அன்றே, சென்னையில் தாமோதரம் பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. சூரியநாராயண சாஸ்திரியார் இரங்கற்பா இயற்றினார். சிந்தாமணியைத் தர மறுத்த சாமிநாதையரும் ஒரு பாடல் பாடினார். தொல்காப்பியம் முதலாய தொன்னூல்களைப் பதிப்பித்தவர் என்றே அப்பாடலில் அவரைக் குறிப்பிட்டுள்ளார்.